கல்லறைக்கு இடமும் கல்லும்: முதன்முறையாகத் தேர்வு செய்பவர்களுக்கு

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் அடக்கத்துக்கான இடத்தை அன்றைக்கோ மறுநாளோ முடிவு செய்தாக வேண்டும். கல்லை அப்படி அவசரமாக முடிவு செய்ய வேண்டியதே இல்லை. இது தெரியாமல் பல குடும்பங்கள் அடக்கம் முடிந்த வாரமே கல்வெட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுகின்றன. அழுத கண்களோடு பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு மழைக்காலம் போனதும் கல் சாய்ந்து நிற்கிறது, பெயரில் ஒரு புள்ளி இல்லை. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். இடம் உடனே, கல் மெதுவாக.

தமிழ்நாட்டுக் கிறித்தவக் குடும்பங்களை, குறிப்பாகச் சென்னையிலும் கடலோர ஊர்களிலும் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். முடிந்தால் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே முதல் இரண்டு படிகளை முடித்துவையுங்கள்.

படி 1: எங்கே உரிமை இருக்கிறது என்று பாருங்கள்

விரும்பிய கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டதும் கொடுத்துவிட மாட்டார்கள். பெரும்பாலான கல்லறைத் தோட்டங்கள் ஒரு பங்குக்கோ (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம்) சபைக்கோ உரியவை. கத்தோலிக்கர் என்றால் எந்தப் பங்கில் குடும்பம் பதிவாகியிருக்கிறது, குடும்ப அட்டை யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில் இறந்தவர் பெயர் அங்கத்தினர் பட்டியலில் இருக்கிறதா, சந்தா பாக்கி உண்டா என்று கேட்பார்கள். வேலைக்காக ஊர் மாறி, புதிய ஊரில் எந்தக் கோயிலிலும் பதியாமலே இருந்துவிடும் குடும்பங்கள்தான் கடைசி நேரத்தில் தவிக்கின்றன.

சென்னையில் கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகள் ஒரு தனிப் பங்குக்குச் சொந்தமானவை அல்ல. மெட்ராஸ் செமட்ரீஸ் போர்டு என்ற பொது அறக்கட்டளை அவற்றைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே இட நெருக்கடி பல வருடமாக இருக்கிறது. அதனால் சென்னைக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கேள்வி ‘புது இடம் எங்கே கிடைக்கும்’ என்பதல்ல, ‘நம் குடும்பக் கல்லறை எது’ என்பதுதான்.

சொந்த ஊருக்குக் கொண்டுபோகலாமா என்ற பேச்சும் கட்டாயம் வரும். தாத்தா பாட்டி இருக்கும் மண் என்பது பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த இருபது வருடம் அந்தக் கல்லறைக்கு யார் போய்வரப் போகிறார்கள் என்பதையும் கேளுங்கள். இறந்தவரின் கணவரோ மனைவியோ உயிரோடு இருந்தால் அவர் பேருந்திலோ ஆட்டோவிலோ போய் வரக்கூடிய இடம்தான் என் பார்வையில் சரியான இடம். வருடத்துக்கு ஒருமுறை வரும் பிள்ளைகளின் வசதி அதற்கு அப்புறம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல்லறையிலும் சாதி பார்க்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறித்தவர்களைப் பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். உங்கள் வீட்டாரை ஒரு மூலைக்கு ஒதுக்கினால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பங்குத்தந்தையிடமும் மறைமாவட்ட அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு நல்ல இடம் கொடுத்து மற்றவரை ஒதுக்கினாலும் அப்போதும் கேளுங்கள்.

படி 2: குடும்பக் கல்லறை இருந்தால் அதைத் திறக்க முடியுமா?

ஒரே குழியில் குடும்பத்தார் ஒருவர் மேல் ஒருவராக அடக்கமாவது இங்கே சாதாரண வழக்கம். அதற்கு மூன்று விஷயம் பாருங்கள். கடைசியாக அங்கே அடக்கம் செய்து எவ்வளவு காலம் ஆகிறது? குறைந்தபட்ச இடைவெளிக்கு விதி உண்டு, அதைக் கல்லறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லறை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? பெரியப்பா பெயரில் இருந்தால் அவர் பிள்ளைகளின் ஒப்புதல் கடிதம் கேட்கலாம். மூன்றாவது, பழைய ரசீதும் கல்லறை எண்ணும். ரசீது தொலைந்திருந்தால் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். அடக்கமான வருடம் தெரிந்தால் தேடுவது சுலபம்.

குடும்பக் கல்லறையில் அடக்கம் என்றால் சவப்பெட்டி எளிய மரமாக இருக்கட்டும். உலோகப் பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு, கனமான தேக்கு எல்லாம் மண் தன் வேலையைச் செய்வதைத் தாமதப்படுத்தும். நாளை அதே குழியை இன்னொருவருக்காகத் திறக்கும்போது அந்தச் சிரமம் தெரியும்.

இடமே கிடைக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் உடலை எரிப்பதை அனுமதிக்கிறது. சாம்பலைக் கடலில் கரைக்காமல், வீட்டிலும் வைக்காமல், கல்லறை போன்ற புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் வத்திக்கான் தெளிவுபடுத்தியது. குடும்பக் கல்லறையை இப்போது திறக்க முடியாது என்னும் நிலையில் இதைப் பங்குத்தந்தையிடம் பேசிப் பார்க்கலாம்.

படி 3: தோட்டத்துக்குள் எந்த இடம்?

தேர்வு செய்ய வாய்ப்பு கிடைத்தால் இடத்தைக் காட்டும்போது ஒருவராவது நேரில் போங்கள். தண்ணீர் எங்கே தேங்கும் என்று பாருங்கள். பக்கத்துக் கல்லறைகளின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அது மழைத்தண்ணீர் நின்ற உயரம். பெரிய மரத்துக்கு மிக அருகில் வேண்டாம். நிழல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அரசும் ஆலும் கல்லைப் பிளந்து தூக்கிவிடும். நடைபாதையை ஒட்டிய இடத்தில் வயதானவர்கள் மற்ற கல்லறைகளை மிதிக்காமல் வந்து நிற்க முடியும், அந்த வசதியை நான் பெரிதாக நினைக்கிறேன்.

படி 4: காகிதங்கள்

மருத்துவர் தரும் மரணக் காரணச் சான்றிதழ், இறந்தவரின் அடையாள அட்டை, பங்குத்தந்தை அல்லது சபைப் போதகரின் கடிதம், இவை மூன்றும் அடக்கத்துக்கு முன் கையில் வேண்டும். விபத்து போன்ற மரணம் என்றால் காவல்துறை, பிரேதப் பரிசோதனை நடைமுறைகள் முடிந்த பிறகே அடக்கம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். அதற்குள் என்றால் தாமதக் கட்டணம் கிடையாது.

பணம் கட்டும்போது அது எதற்கு என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். குழி வெட்டும் கூலி மட்டுமா, இடத்துக்கான கட்டணமா, கல் கட்ட அனுமதியும் சேர்ந்ததா? பல தோட்டங்களில் இவை தனித்தனி. சில இடங்களில் நிரந்தரமாகக் கல் கட்டவே விடமாட்டார்கள், சில வருடம் கழித்து அந்த இடத்தை வேறு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். கல் வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது மிகவும் வேதனை.

படி 5: காத்திருங்கள்

தோண்டி மூடிய மண் கொஞ்சம் கொஞ்சமாக உட்காரும். பெட்டி உளுத்து இறங்கும்போது மறுபடியும் உட்காரும். அதன் மேல் உடனே கல் வைத்தால் விரிசல் விடும், அல்லது ஒரு பக்கம் சாயும். குறைந்தது ஒரு வடகிழக்குப் பருவமழை, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கடந்து போகட்டும். அதுவரை பெயரும் தேதியும் கல்லறை எண்ணும் எழுதிய மரச் சிலுவை போதும். பள்ளம் விழுந்தால் மண் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். முதல் வருட நினைவுப் பூசைக்குக் கல் தயாராக இருந்தால் போதும். முப்பதாம் நாளுக்கே வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்துவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள்.

படி 6: எந்தக் கல்?

கடலோர ஊர் என்றால் கிரானைட்தான், யோசிக்கவே வேண்டாம். வெள்ளைப் பளிங்கு புதிதில் அழகாக இருக்கும். ஆனால் அது சுண்ணாம்பு வகை. மழையிலிருக்கும் லேசான அமிலம் கூட அதை அரிக்கும், பாசி கறுப்பாகப் பிடிக்கும், மெல்லிய எழுத்துகள் மழுங்கும். கடப்பா கல் விலை குறைவு என்றாலும் அதுவும் சுண்ணாம்புக் கல்தான். கை இறுக்கமாக இருந்தால் பெரிய கடப்பா கல்லைவிடச் சின்ன கிரானைட் கல்லே மேல் என்பேன்.

நம் மண்ணின் கல் எவ்வளவு உறுதியானது என்பதற்குக் கொல்கத்தாவில் சாட்சி இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் கிடைக்கும் பாறை வகை. ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லை வைத்தே 1893-இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார்.

இன்றைக்குக் கடைகளில் கிடைப்பதில் விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்புக் கல் எழுத்துக்கு மிகவும் ஏற்றது. கறுப்புப் பளபளப்பில் வெட்டிய எழுத்து வெளிறித் தெரிவதால், பூசிய பெயின்ட் போனாலும் படிக்க முடியும். சாம்பல் நிறக் கல்லிலோ பல நிறம் கலந்த கல்லிலோ பெயின்ட் போனால் எழுத்து காணாமல் போய்விடும். வாங்கும் முன் கல்லில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால், கல் காயும்போது அந்தக் கோடு மட்டும் ஈரமாக நிற்கும். சில கற்களைக் கறுப்பாகக் காட்டச் சாயமும் எண்ணெயும் பூசுவார்கள். தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் மூலையில் தேய்த்தால் தெரிந்துவிடும்.

படி 7: எழுத்து

கல்லை விட எழுத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். உளியால் கையில் வெட்டுவது ஒரு முறை. ஸ்டிக்கர் ஒட்டி மணலைப் பீய்ச்சி வெட்டும் சாண்ட் பிளாஸ்ட் இன்னொரு முறை. இரண்டும் ஆழமாக இருந்தால் நல்லதே. லேசரில் முகம் வரைவது மேலோட்டமான பதிவுதான். படத்துக்குச் சரி, பெயருக்கு வேண்டாம்.

தமிழ் எழுத்தில் தனிச் சிக்கல்கள் உண்டு. புள்ளி சிறியது, எளிதில் விட்டுப்போகும். கொம்பும் சுழியும் நெருக்கமாக இருந்தால் நடுவிலுள்ள கல் பெயர்ந்துவிடும். அதனால் எழுத்தின் உயரம் ஒரு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். வாசகம் நீளமாக இருந்தால் எழுத்தைச் சின்னதாக்காமல் வாசகத்தைக் குறையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாசகத்தைக் கடைக்காரர் தம் கணினியிலுள்ள பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘கொ’, ‘கோ’ போன்றவை உடைந்து, கால் ஒரு பக்கம் கொம்பு ஒரு பக்கமாகப் போகும். எனவே வெட்டும் முன் நிஜ அளவில் தாளில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, இதுவரை இந்த வேலையில் சேராத ஒருவரிடம் கொடுத்து, சத்தமாக எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். ர, ற, ன, ண எல்லாம் அப்போதுதான் மாட்டும்.

என்ன எழுதுவது? தலைப்பெழுத்தோடு முழுப்பெயர், வீட்டில் எல்லோரும் அழைத்த பெயர் வேறாக இருந்தால் அதுவும், தோற்றம், மறைவு, ஒரு வசனம். வசனத்தை நினைவிலிருந்து எழுத வேண்டாம். அவர் கையிலிருந்த வேதாகமத்தின் அதே மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதுங்கள், அவர் வாயில் வந்த சொற்கள் அவைதானே. ‘இவண் மனைவி மக்கள்’ என்று பட்டியல் போடுவதில் சண்டை வருவதுண்டு. பெயர்களே இல்லாமல் ‘குடும்பத்தார்’ என்று விட்டுவிடலாம். குடும்பக் கல்லறை என்றால் கல்லில் பாதியைக் காலியாக விடுங்கள், அடுத்தவர் பெயர் வர வேண்டும்.

படி 8: நிறுத்துவது

3 அடிக்கு 2 அடி, 3 அங்குலக் கனமுள்ள கறுப்புக் கிரானைட் ஏறக்குறைய 125 கிலோ இருக்கும். கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகள் ஓடுவார்கள், பெரியவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். ஆகவே வெறும் சிமென்ட் ஒட்டில் நிறுத்த விடாதீர்கள். கீழே கான்கிரீட் அடித்தளம், அதிலிருந்து கல்லுக்குள் போகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி இரண்டு கேளுங்கள். சாதாரண இரும்புக் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்து வீங்கிக் கல்லைப் பிளந்துவிடும். மேலே படுக்கைக் கல் போட்டால் மழைநீர் வழிய லேசான சரிவு இருக்கட்டும். குடும்பக் கல்லறையில் அந்தக் கல்லை உடைக்காமல் எடுக்கும்படி பொருத்தச் சொல்லுங்கள்.

மீதிப் பணத்தைக் கல் நின்று, எழுத்தை நீங்கள் சரிபார்த்த பிறகே கொடுங்கள்.

படி 9: பிறகு

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்பு எல்லோரும் வந்து கழுவிச் சுத்தம் செய்வோம். கிரானைட்டுக்குத் தண்ணீரும் லேசான சோப்பும் போதும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை எந்தக் கல்லிலும் ஊற்றாதீர்கள். மெழுகு சிந்தினால் மரத்துண்டால் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம்.

ரசீது, கல்லறை எண், வரிசை எண், கல்லின் படம், கூகுள் மேப்பில் குறித்த இடம் எல்லாவற்றையும் குடும்பத்தில் குறைந்தது இரண்டு பேரிடம் வையுங்கள், அதில் ஒருவர் இளையவராக இருக்கட்டும். கல்லறை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு வயதாகிவிட்டால், அவர் இருக்கும்போதே பதிவேட்டில் அடுத்தவர் பெயரைச் சேர்க்கக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.