நாலு மாதம் தூங்கிய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் காது கொடுங்கள்

டொராண்டோவில் எங்கள் வீட்டில் இரண்டு கார். பழையதை டிசம்பர் முதல் வாரம் கராஜில் விட்டு மூடினால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்போம். பனிக்காலத்தில் சாலையெல்லாம் கொட்டுகிற உப்பு காரின் அடிப்பாகத்தை அரித்துத் தின்றுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. உப்பிலிருந்து கார் தப்பிவிடும். ஆனால் ஏப்ரலில் சாவியைத் திருப்பினால் பேச்சு மூச்சு இருக்காது.

இரண்டு வருடம் முன்பு அப்படி நின்றபோது, எதையும் பார்க்காமல் புது பேட்டரி வாங்கி மாட்டினேன். அப்போதும் அதே கதைதான். கோளாறு எங்கே இருந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். இருநூறு டாலருக்கு மேல் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் இது, உங்களுக்கு இலவசம்.

சாவியைத் தொடுவதற்கு முன்

கராஜ் கதவை முழுதாகத் திறந்து வையுங்கள். இன்ஜின் ஓடினால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய கராஜில் ஆளைக் கொன்றுவிடும்.

அடுத்து பானெட்டைத் தூக்குங்கள். குளிருக்கு எலிகள் தேடி வரும் இடம் இது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒருமுறை எங்கள் காரில் கிழிந்த பேப்பர் கைக்குட்டையும் பஞ்சும் ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதைத் தோலுமாகக் குடும்பமே நடத்தியிருந்தது. கடிபட்ட வயர் தென்பட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இப்போது திருப்புங்கள், கேளுங்கள்

பத்து விநாடிக்கு மேல் திருப்பிப் பிடிக்காதீர்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகிவிடும். ஒரு நிமிடம் விட்டு அடுத்த முறை. என்ன சத்தம் வருகிறது என்பதுதான் முக்கியம்.

டிக்டிக்டிக் என்று வேகமாகத் துடித்து, டேஷ்போர்டு விளக்குகளும் மங்கினால் பேட்டரியில் தெம்பில்லை.

"டொக்" என்று ஒரே ஒரு சத்தம், விளக்குகள் மட்டும் பளிச்சென்று இருந்தால், ஸ்டார்ட்டரிலோ அதற்குப் போகும் கேபிளிலோ சந்தேகம் வையுங்கள்.

சத்தமே இல்லை, ஆனால் விளக்கு நன்றாக எரிகிறது என்றால், ஆட்டோமேட்டிக் காரில் கியரை N-க்கு மாற்றிப் பாருங்கள். பட்டன் வைத்த கார் என்றால் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். சாவியை ஸ்டார்ட் பட்டன்மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் ஏற்றுக்கொள்ளும்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. கடைசியில் வருகிறேன்.

பேட்டரியை அளப்பது

இருபது டாலர் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸிலும் கருப்பை மைனஸிலும் தொடுங்கள். 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி.

சும்மா நின்ற கார் எப்படிக் காலியாகும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் புரியும். அலாரம், கடிகாரம், கணினி எல்லாம் சேர்ந்து 30 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், இது சாதாரணம்தான். ஒரு நாளுக்கு 0.72 ஆம்பியர்-அவர், 120 நாளுக்கு 86. உங்கள் பேட்டரியின் கொள்ளளவோ 60 பக்கத்தில்தான் இருக்கும். தீராமல் என்ன செய்யும்?

ஒரு எச்சரிக்கை. முழு சார்ஜ் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியானது மைனஸ் 10-ஐத் தொடுவதற்குள்ளேயே உறைந்துவிடும். பக்கங்கள் உப்பியிருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ சார்ஜும் போடாதீர்கள், ஜம்பர் கேபிளும் (இன்னொரு காரின் நல்ல பேட்டரியிலிருந்து கரண்ட் கொண்டுவரும் வயர்) மாட்டாதீர்கள். வெடிக்கும்.

ஜம்பர் மாட்டும் வரிசை: சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸில், அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில். கருப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையைச் செத்த காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியலாம், அதனால் கடைசிப் பொறி அதற்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது.

நான் ஏமாந்த இடம்

வோல்ட் சரியாக இருக்கிறது, கார் மட்டும் அசையவில்லை. அப்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையில் வைத்து, இன்னொன்றை இன்ஜினின் வெறும் இரும்பில் அழுத்திப் பிடித்து, வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கரண்ட் வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மகனைத் திருப்பச் சொல்லிப் பார்த்தபோது எனக்கு மூன்று வோல்ட் காட்டியது. கருப்பு கேபிள் பாடியில் முறுக்கியிருக்கும் போல்ட்டின் அடியில் காப்பிப் பொடி மாதிரி துரு. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முறுக்கினேன். கால் மணி நேர வேலை.

பேட்டரி முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தாலும் இதே பிரச்சினைதான். கேபிளைக் கழற்றிவிட்டு (கருப்பை முதலில்) சமையல் சோடா கரைத்த தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்தால் போய்விடும்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, பின் சீட் பக்கம் காதை வையுங்கள். இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று பெட்ரோல் பம்ப் முனகும். அது கேட்காவிட்டால் பம்ப்பின் ஃபியூஸ், ரிலே (அதற்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) இரண்டையும் பாருங்கள். டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு) உங்கள் சாவியை ஏற்கவில்லை. இன்னொரு சாவியால் முயலுங்கள்.

பலமுறை திருப்பிவிட்டு பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தால் ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்துக்கொண்டு ஐந்து விநாடி திருப்புங்கள். பெரும்பாலான கார்களில் அப்போது பெட்ரோல் நின்று, உள்ளே தேங்கியது காயும். பெட்ரோல் கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு: எத்தனால் கலந்தது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்க் கால்வாசிதான் இருந்தது என்றால் புதுப் பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள்.

கிளம்பிவிட்டதா? முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு டிஸ்க்கில் படிந்த துரு கரகரக்கும், பயப்பட வேண்டாம். அரை மணி ஓட்டினால் பேட்டரி நிரம்பிவிடும் என்று நம்பாதீர்கள். ராத்திரி முழுக்க சார்ஜரில் போடுங்கள். சார்ஜரைக் கழற்றி ஒரு நாள் சும்மா விட்டு, மறுபடி அளங்கள். 12.4-க்குக் கீழே இறங்கியிருந்தால், சரி, இப்போது போய்ப் புது பேட்டரி வாங்கலாம்.