வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை தைக்கும்போது செய்யக்கூடாதவை

இலவம்பஞ்சு மெத்தையை வீட்டிலேயே தைத்துவிடலாம். தையல் ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆசையாகத் தைத்த மெத்தை ஒரே வருடத்தில் கட்டி கட்டியாகிப் போகிறதென்றால், பஞ்சை உறைக்குள் அடைப்பதற்கு முன்னால் அவசரப்பட்டிருப்போம்.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடும். தேனி மாவட்டத்துப் போடியின் இலவம்பஞ்சு என்று சொல்லி, கழிவுப் பருத்தியைக் கலந்து தருபவர்கள் உண்டு. மூட்டையின் நடுவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, விளக்குத் திரி போல விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். பருத்தி திரியாகிவிடும். இலவம்பஞ்சு வழுக்கிக்கொண்டு பிரியும். அதன் இழை குட்டையானது, மேலே மெழுகு படிந்தது, உள்ளே காற்று நிறைந்த குழல். மெத்தை மெத்தென்று இருப்பது அந்தக் காற்றால்தான். உலகப் போர்க் காலத்தில் உயிர்காப்பு மிதவைகளில் இந்தப் பஞ்சை அடைத்ததும் அதற்காகத்தான்.

வீட்டு மரத்துக் காயிலிருந்து எடுப்பவர்கள், பங்குனி, சித்திரையில் காய் முற்றி வெடிக்கும்வரை பொறுங்கள். பிஞ்சுக் காயின் பஞ்சு எழும்பாது. விதை எடுப்பதில்தான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். மிளகு போன்ற அந்தக் கறுப்பு விதையில் எண்ணெய் இருக்கிறது. நான் முதலில் தைத்த மெத்தையில் பாதி விதையை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த ஐப்பசி மழையில் எலி ஒரு மூலையைக் கடித்துத் திறந்துவிட்டது. கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டாம். உயரமான கூடையில் பஞ்சைப் போட்டு, முனையில் குறுக்குக் குச்சி கட்டிய கம்பை இரு உள்ளங்கைக்கு நடுவே வைத்து மோர் கடைவது போலச் சுழற்றுங்கள். விதை கனம், அடியில் போய்த் தங்கிவிடும். பஞ்சு மேலே பொங்கி நிற்கும். கடைந்ததில் பஞ்சு பிரிந்து உதிரியாகவும் ஆகிவிடும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள். பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ கூடாது. பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பழைய சேலை, மெல்லிய காடாத் துணி எதுவும் உறைக்கு ஆகாது. இழை வெளியே வந்துகொண்டே இருக்கும், வீசிங் உள்ளவர்களுக்கு ரொம்பச் சிரமம். நெருக்கமாக நெய்த கோடு போட்ட மெத்தைத் துணியை வாங்கி, ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுங்கள். கட்டில் அளவுக்கே வெட்டுவது அடுத்த தவறு. பஞ்சு அடைத்ததும் உறை உப்பி, நீளமும் அகலமும் குறைந்துவிடும். பக்கப் பட்டி (மெத்தையின் ஓரங்களைச் சுற்றி உயரத்துக்கு வைக்கும் துணிப்பட்டை) வைக்காமல் தைப்பதாக இருந்தால் நீளத்திலும் அகலத்திலும் நாலைந்து அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பஞ்சு அடைக்க நல்ல வெயில் நாளாகப் பாருங்கள். மூலைகளை முதலில் நிரப்பிவிட்டு, உள்ளே கைவிட்டுச் சிறு சிறு பிடியாகப் பரப்பிக்கொண்டு வாருங்கள். பெரிய உருண்டையாகத் தள்ளினால், அந்த உருண்டை உள்ளே உருண்டையாகவே கிடக்கும். ஆறுக்கு மூன்றடி மெத்தைக்கு எங்கள் வீட்டில் 12 கிலோ ஆனது. புதிதாகத் தைத்ததும் மேடாகத்தான் தெரியும். பயந்துகொண்டு குறைத்துப் போடாதீர்கள், படுக்கப் படுக்க அமுங்கிவிடும்.

அப்புறம், நடுவில் முடிச்சுப் போடாமல் விட்டுவிடாதீர்கள். இழை வழுவழுப்பானது என்பதால், ஆள் படுக்கும் இடத்திலிருந்து பஞ்சு ஓரத்துக்கு நகர்ந்துவிடும். முக்கால் அடிக்கு ஒன்றாகக் கோணி ஊசியால் தடித்த பருத்தி நூலை மேலும் கீழுமாகக் குத்தி இழுத்து முடியுங்கள். முடிச்சுக்கு அடியில் சின்னத் துணித்துண்டு ஒன்றை வையுங்கள். அது இல்லாவிட்டால் நூல் உறையைக் கிழித்துவிடும்.

தைத்த மெத்தையைத் தண்ணீரில் போடவே கூடாது. மாதம் ஒருமுறை காலை வெயிலில் இரண்டு மணி நேரம் காயவைத்து, தட்டித் திருப்பிப் போட்டால் போதும். சில வருடம் கழித்து அமுங்கிவிட்டாலும் பஞ்சைத் தூக்கி எறியாதீர்கள். உறையைப் பிரித்து, பஞ்சைக் காயவைத்து மறுபடி கடைந்து, ஒன்றிரண்டு கிலோ புதுப்பஞ்சு சேர்த்துப் புது உறையில் அடைத்துக்கொள்ளலாம்.