அதிகாரத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் தளபதியின் பேச்சைப் படிப்பது எப்படி?

பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வாழும் வியாசர்பாடி போன்ற பகுதிகளில், மியான்மர் பற்றிய பேச்சு வெறும் அயல்நாட்டுச் செய்தியாக நின்றுவிடுவதில்லை. வடசென்னையின் படிப்பகங்களில் இதை விவாதிக்க எடுப்பவர்கள், "தேர்தல் நடத்தி ஆட்சியை ஒப்படைப்போம்" என்னும் ராணுவ அறிவிப்பை அணுகுவதற்கான வழி இது.

முதலில், தளபதியின் ஐயம் இரண்டு என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். அரசியல்வாதிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு நாட்டைச் சிதறவிடுவார்கள் என்பது அவர் வாய்விட்டுச் சொல்வது. பதவியை விட்ட மறுநாள் தன்னை யார் விசாரிப்பார்கள் என்பது அவர் சொல்லாதது. பர்மாவில் 1958 அக்டோபரில் ஆளுங்கட்சி பிளவுபட்டிருந்த வேளையில் ஆட்சியை ஏற்ற ராணுவத் தளபதி நே வின், 1960இல் தேர்தல் நடத்தி, வென்ற ஊ நூவிடம் அதை ஒப்படைத்தார். ஆனால் 1962 மார்ச் 2 அன்று அதே கையால் பறித்துக்கொண்டார். ஆகவே 1960ஐ மட்டும் வைத்து அவரை மதிப்பிட வேண்டாம்.

இந்த இடத்தில், இசைவு தந்தால், ரங்கூனை அறிந்த பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். அரசியல் கேள்விகளை விட்டு, 1964இல் கடைகள் அரசுடைமையானபோதும், 50, 100 கியாட் பணத்தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோதும் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பதே பயன் தரும். இத்தகைய ஒவ்வொரு நடவடிக்கையும் ஆட்சியாளர் பின்னாளில் பதில் சொல்ல வேண்டிய கணக்கைக் கூட்டுகிறது. நாள் ஆக ஆக அவரால் இறங்க முடியாமல் போவதற்கு, என் பார்வையில், இதுவே முதற்காரணம்.

அடுத்து, தேதியை விடச் சட்டத்தைக் கவனியுங்கள். பாகிஸ்தானில் 1977 ஜூலையில் ஆட்சியைப் பிடித்து, 90 நாளில் தேர்தல் என்று சொன்ன ராணுவத் தளபதி ஜியா உல் ஹக், 1985இல்தான், அதுவும் கட்சிகள் இல்லாமல், பொதுத்தேர்தலை நடத்தினார். ராணுவச் சட்டத்தை விலக்கிக்கொள்ளும் முன், நாடாளுமன்றத்தின் கீழவையைக் கலைக்கும் அதிகாரத்தை அதிபரான தன் கையில் வைத்துக்கொண்டார். பர்மாவில் 1990 தேர்தலில் ஆங் சான் சூ கியின் கட்சி 485 இடங்களில் 392ஐ வென்றும், முதலில் அரசமைப்பு எழுதப்பட வேண்டும் என்று சொல்லி ராணுவம் ஆட்சியைத் தரவில்லை. பிறகு வந்த 2008 அரசமைப்பு, நாடாளுமன்ற இடங்களில் கால்பங்கைத் தளபதியின் நியமனத்துக்கு ஒதுக்கியது. முக்கியத் திருத்தங்களுக்கு 75 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு வேண்டும் என்றது. அதன் 445ஆம் பிரிவையும் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்: முந்தைய ராணுவ ஆட்சிக் குழுவினர் தங்கள் கடமையின்போது செய்தவற்றுக்காக அவர்கள்மீது வழக்குத் தொடரக் கூடாது என்கிறது அது. சொல்லப்படாத ஐயம் எழுத்தில் வெளிப்படும் இடம் இதுதான். இத்தனை காப்பு இருந்தும் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது.

எல்லாத் தளபதிகளும் ஒன்றே என்று கூட்டம் முடிவுகட்டத் தொடங்கினால் நைஜீரியாவை எடுங்கள். அங்கே ராணுவ ஆட்சியாளர் ஒபசாஞ்சோ 1979 அக்டோபர் 1 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஷகாரியிடம் ஆட்சியை ஒப்படைத்து விலகினார். எனினும் 1983இன் கடைசி நாளில் வேறு அதிகாரிகள் அதைக் கவிழ்த்தார்கள். எனவே எந்த அறிவிப்பைப் படித்தாலும், பேசுகிற தளபதியோடு நிறுத்தாமல், அவருக்கு அடுத்து படையை நடத்தப்போகிறவரை யார் நியமிப்பார்கள், யார் நீக்க முடியும் என்பதையும் அதே அமர்வில் தேடிப் பாருங்கள்.