கள்ளி நின்றால் பாலைவனமா? பல்லுயிர்த் தொகுதிகளைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகப் படத்தில் பல்லுயிர்த் தொகுதிகளுக்கு, அதாவது ஒரே மாதிரித் தட்பவெப்பமும் அதற்கேற்ற செடிகொடி, விலங்குகளும் உள்ள பெரும் நிலப்பரப்புகளுக்கு, நிறம் தீட்டியிருப்பார்கள். மழைக்காட்டுக்குக் கரும்பச்சை, சவானாவுக்கு வெளிர்மஞ்சள், பாலைவனத்துக்குப் பழுப்பு, துருவத்துக்கு வெள்ளை. அதில் கொங்கு நாட்டைத் தேடினால் பென்சில் முனை படும் அளவுக்கு ஒரே ஒரு நிறம்தான் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் அந்த நிறத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகிறார்கள். முதல் தவறு இதுதான்: படத்தின் நிறத்தை நிலத்தின் நிறமாக எடுத்துக்கொள்வது.

பொள்ளாச்சியில் வால்பாறை பஸ் ஏறினால் இது புரிந்துவிடும். மொத்தமே 64 கிலோமீட்டர். தென்னந்தோப்பு முடிந்து ஆழியாறு அணை தாண்டியதும் வறண்ட புதர்க்காடு, கோடையில் இலை கொட்டி நிற்கும் மரங்கள். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறைச் சரிவில் வரையாடு மேய்வதைப் பார்க்கலாம். மேலே போனதும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பசுமை மாறாக் காடு, அதில் இருவாச்சியும் சிங்கவால் குரங்கும். வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறில் நல்ல வருஷத்தில் 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். கீழே கோவைச் சமவெளியில் 600, 700 பெய்தாலே போதும் என்றிருப்பார்கள்.

காரணம் மலையேதான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும் காற்று சூடாகி, ஈரம் குறைந்து வருகிறது. அதனால் மலை பக்கத்தில் இருந்தால் மழையும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் வேறு இருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத அந்த வாசல் வழியாகக் காற்று பாய்ந்து வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பேச்சு இங்கே வெறும் பேச்சாகத் தெரியாததும் இதனால்தான். அந்தக் காற்று மழையைக் கொஞ்சமாகத்தான் கொண்டுவருகிறது. மண்ணில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது.

மழையின் மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பது

லண்டனில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். கோவைக்குப் பெய்வதும் கிட்டத்தட்ட அவ்வளவே. அங்கே வருஷம் முழுக்கப் புல் பச்சையாக இருக்கிறது. இங்கே மாசி, பங்குனியில் மேட்டாங்காடு வெளுத்துக் கிடக்கிறது. அங்கே மழை பன்னிரண்டு மாதமும் பிரிந்து பெய்கிறது, குளிரில் ஆவியாவதும் குறைவு. நமக்கு ஐப்பசி, கார்த்திகை கைகொடுத்தால் உண்டு. மீதி மாதங்களில் வெயிலும் காற்றும் மண்ணைக் காயவைக்கின்றன.

துருவப் பக்கத்துத் தூந்திரப் பிரதேசத்தில் இந்தக் கணக்கு இன்னும் தலைகீழ். அங்கே பல இடங்களில் மழையும் பனியும் சேர்ந்தே 250 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆனாலும் கோடையில் கால் வைத்தால் சேறு. மண்ணுக்கடியில் நிரந்தரமாக உறைந்து கிடக்கும் அடுக்கு தண்ணீரைக் கீழே இறங்க விடுவதில்லை. ஆகவே எந்தத் தொகுதியைப் பற்றி எழுதினாலும் எவ்வளவு மழை என்பதோடு நிறுத்தாமல், எந்த மாதத்தில் பெய்கிறது, பெய்தது எங்கே போகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஊட்டியைக் குட்டி இங்கிலாந்து என்பது

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் மேட்டுப்பாளையத்தில் வியர்த்தவர் அங்கே ஸ்வெட்டர் தேடுகிறார். அதற்காக அது மிதவெப்பமண்டலம் ஆகிவிடாது. இங்கிலாந்தில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் நேரமே பாதிக்குப் பாதி மாறும். ஊட்டியில் அப்படி இல்லை. தை மாதத்தில் விடிகாலை உறைபனி, மதியம் சுள்ளென்று வெயில். ஒரே நாளில் வரும் வேறுபாடு மாதத்துக்கு மாதம் வரும் வேறுபாட்டைவிடப் பெரிது. அதனால்தான் சோலை மரங்கள் குளிருக்கு இலை உதிர்ப்பதில்லை. குட்டையாக, நெருக்கமாக, பள்ளத்தாக்கின் மடிப்புகளில் ஒண்டி நின்று வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கின்றன. திறந்த சரிவில் உறைபனி மரக்கன்றைக் கொன்றுவிடுவதால் அங்கே புல் ஆள்கிறது.

பாலைவனம் என்றதும் மணல், ஒட்டகம், கள்ளி

மிக அதிகமாக நடக்கும் தவறு இது. பாலைவனத்தைத் தீர்மானிப்பது ஈரமின்மை. உலகின் மிகப் பெரிய பாலைவனம் அன்டார்க்டிகா: சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர். சகாரா 90 லட்சத்தை ஒட்டித்தான். லடாக்கும் பாலைவனமே, குளிர்ப் பாலைவனம். 'வெப்பமான' என்ற சொல்லை முன்னால் போடாமல் சகாராவை உலகின் மிகப் பெரிய பாலைவனம் என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் கிடையாது, கொழுப்புதான் இருக்கிறது. உடம்பு முழுக்கப் படராமல் முதுகில் மட்டும் கொழுப்பைச் சேர்ப்பதால் மற்ற இடங்களில் சூடு எளிதாக வெளியேறும். தண்ணீர் விஷயத்தில் அதன் சாமர்த்தியம் வேறு இடங்களில் இருக்கிறது. உடல் வெப்பத்தைப் பகலில் பல டிகிரி ஏறவிட்டு வியர்வையை மிச்சம் பிடிக்கிறது. முட்டை வடிவச் சிவப்பணுக்கள் இருப்பதால் ஒரே மூச்சில் 100 லிட்டர் குடித்தாலும் ரத்தம் கெடுவதில்லை. இன்னொன்று, ஒட்டகக் குடும்பம் தோன்றியது வட அமெரிக்காவில். ஒட்டகம் என்றாலே அரேபியா என்று பழகியவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்.

கள்ளிக்கு வருவோம். நம் கரட்டு ஓரங்களில் நிற்கும் சதுரக்கள்ளியை அமெரிக்கப் பாலைவனக் கள்ளியின் உறவு என்று பலர் நினைக்கிறார்கள். ஒடித்துப் பாருங்கள், பால் வடியும் (கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). அது ஆமணக்குக் குடும்பம். அமெரிக்காவின் கேக்டஸ் வகைக்குப் பால் வடிவது அபூர்வம். முள்ளும் சிறு மெத்தை போன்ற புள்ளிகளிலிருந்து கொத்தாகக் கிளம்பும். சொந்தமே இல்லாத இரண்டு குடும்பங்கள், வெவ்வேறு கண்டங்களில், ஒரே வறட்சிக்கு ஒரே விடையைக் கண்டிருக்கின்றன: இலையைக் கைவிட்டுத் தண்டைப் பச்சையாக்கித் தண்ணீரைத் தேக்குவது. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது ஒரே வம்சம் என்பதற்குச் சாட்சியாகாது.

இந்தச் செடிகளுக்கு இன்னொரு வேலையும் தெரியும். பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. பகலில் துளையை மூடிக்கொண்டு, சேர்த்ததைச் சர்க்கரையாக்குகின்றன. வேலியில் படரும் பிரண்டையும் இந்த வித்தைக்காரிதான். ஆனால் சும்மா கிடைத்த வரமில்லை: இரவில் சேர்த்த அளவுக்குத்தான் மறுநாள் வேலை நடக்கும், வளர்ச்சி மெதுவாகும். சோளமும் கம்பும் வேறு வழி பிடித்தவை. கரியமில வாயுவை உள்ளே அடர்த்தியாக்கிக்கொள்வதால் துளையைக் குறைவாகத் திறந்தாலே போதும். மானாவாரிக் காட்டில் நெல்லைப் போடாமல் சோளம் விதைத்த நம் ஆட்களுக்கு இந்த வேதியியல் தெரியாது, விளைச்சல் தெரியும்.

'வாழ்வதற்காக வளர்த்துக்கொண்டது' என்று எழுதுவது

தகவமைப்பு பற்றிய விடைத்தாள்களில் தவறாமல் வரும் வாக்கியம் இது. எந்தச் செடியும் வறட்சியைப் பார்த்து முள்ளை வளர்த்துக்கொள்வதில்லை. ஒரு கூட்டத்தில் பிறவியிலேயே சிறுசிறு வேறுபாடுகள் இருக்கும்; அந்த இடத்துக்குத் தோதானவை அதிகம் பிழைத்து அதிகம் குட்டி போடும்; தலைமுறைகள் போகப்போக அந்தக் குணம் கூட்டத்தில் பெருகும். ஒரே உயிர் தன் வாழ்நாளில் மாறுவதைத் தகவமைப்பில் சேர்க்கக் கூடாது. ஊட்டிக்குப் போன நாலாம் நாள் உங்களுக்குக் குளிர் பழகிப்போவது பழக்கப்படுதல். காங்கேயம் கன்று செம்பழுப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு வருவது வளர்ச்சி.

காங்கேயம் மாட்டைச் சொல்லும்போது இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வெயில் தாங்குவது, காய்ந்த சோளத்தட்டைத் தின்றே பாரம் இழுப்பது எல்லாம் அதற்கு இருக்கின்றன. ஆனால் அந்த இனத்தை உருவாக்கியதில் மனிதரின் தேர்வுக்குப் பெரும் பங்கு உண்டு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அதற்குப் பேர்போனது. இயற்கைத் தேர்வுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் வரையாட்டை எழுதுங்கள்.

வறண்ட நிலத்தைக் கெட்டுப்போன காடு என்று நினைப்பது

மற்ற தவறுகளால் மதிப்பெண் போகும். இதனால் நிலமே போகிறது.

காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி கட்டிய கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் காடுகளை, பார்த்திருப்பீர்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை விரித்த வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. மனிதர் பிரித்து, மாற்றி மாற்றி மேய்த்துக் காத்துவரும் நிலம்தான். ஆனால் அதிலுள்ள புல்லும் மரமும் இந்த வறண்ட சமவெளிக்கே உரியவை. புல்தரை, இடைவெளி விட்டு முள்மரம், மேய்ச்சல் விலங்கு: இந்த மூன்றும் சேர்ந்தால் உலகில் அதற்குச் சவானா என்று பெயர். ஆப்பிரிக்காவில் பார்த்தால் வாய் பிளக்கிறோம். நம் ஊரில் பார்த்தால் தரிசு, புறம்போக்கு என்கிறோம். வரி வராத நிலத்தையெல்லாம் வீண் நிலமென்று பதிந்த வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் இன்னும் நம் நாக்கை விட்டுப் போகவில்லை.

இந்த நிலத்தின் தகவமைப்பு புல்லின் அடியில் இருக்கிறது. மரத்தின் வளர்நுனி கிளையின் உச்சியில் இருப்பதால் நுனியைக் கடித்தால் அந்தக் கிளை முடங்கும். புல்லின் வளர்முனை மண்ணை ஒட்டி இருக்கிறது. மாடு கடித்தாலும் தீ மேலோடு போனாலும் அடியிலிருந்து திரும்பி வரும். வெள்வேல மரம் வெயில் கடுக்கும் மாதங்களில் நெற்றைக் கீழே உதிர்க்கிறது. ஆடு தின்று புழுக்கையோடு விதையைப் பட்டிக்கும் காட்டுக்கும் கொண்டுபோகிறது. மஞ்சள்மூக்கு ஆள்காட்டி கூடு என்று எதையும் கட்டாமல் வெறுந்தரையில், கல்லோடு கல்லாகத் தெரியும் முட்டையை இடுகிறது. வெயில் ஏறினால் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கிறது. கவுதாரி, விசிறித்தொண்டை ஓணான், மாயாற்றுப் பள்ளத்தாக்கின் வெளிமான் எல்லாமே திறந்த வெளியை நம்பியவை. தூரத்திலேயே எதிரியைப் பார்த்து ஓடுவதுதான் வெளிமானின் பாதுகாப்பு. மரங்கள் நெருங்கினால் அதன் வேகம் பயன்படாது.

இங்கேதான் நல்லெண்ணத்தோடு குழி வெட்டி, லாரியில் தண்ணீர் ஊற்றி வரிசையாக மரக்கன்று நடுகிறார்கள். ஊருக்குள், ரோட்டோரம், குளக்கரையில் நடுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மேய்ச்சல் நிலத்தில் நட்டால் நிழலில் புல் சாகும், புல்லை நம்பிய உயிர் போகும், மழை தவறிய வருஷத்தில் கன்றும் காயும். புல்வெளி கரியைச் சேர்ப்பது பெரும்பாலும் மண்ணுக்குள், வேரில் என்பதால் மேலே பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

மலையிலும் இதே கதை. நீலகிரிப் புல்வெளிகளைக் காடழிந்த மொட்டையென்று எண்ணி 19ஆம் நூற்றாண்டிலிருந்து சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். அங்கே சதுப்புகளில் படிந்த கரிமண்ணை ஆராய்ந்தபோது, கடந்த 20,000 ஆண்டுகளில் பருவமழை கூடியும் குறைந்தும் வந்ததற்கேற்பச் சோலையும் புல்லும் மாறிமாறி விரிந்ததும் சுருங்கியதும் தெரியவந்தது. கோடரி பிடித்த உழவன் வருவதற்கு வெகு முன்பே புல் அங்கே இருந்திருக்கிறது.

சின்னச் சின்னதாக இன்னும் சில

மழைக்காட்டு மண் வளமானது என்று எழுதாதீர்கள். விழுந்த இலை சீக்கிரம் மக்கி உடனே வேருக்குப் போய்விடும். மிச்சத்தை மழை கரைத்துக்கொண்டு போகும். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கும் குடும்பம் போல, கையிருப்பெல்லாம் மரத்திலேயே இருக்கிறது, மண்ணில் சேமிப்பு இல்லை. அமேசான் உலகுக்கு 20 சதவீத ஆக்சிஜன் தருகிறது என்பதும் தவறு. அது உண்டாக்குவதை அந்தக் காட்டின் உயிர்களே, மக்கவைக்கும் நுண்ணுயிர் உட்பட, ஏறக்குறைய முழுக்கச் செலவழித்துவிடுகின்றன. ஊசியிலை மரமெல்லாம் பசுமை மாறாதவை அல்ல. சைபீரியாவின் லார்ச் மரம் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும். பனிக்கரடி வடக்கே, பென்குயின் தெற்கே. பள்ளிக்கூடச் சுவர் ஓவியத்தில் மட்டும்தான் இரண்டும் பக்கத்தில் நிற்கும்.

நன்றாக வளர்கிறதே, அப்படியானால் இந்த மண்ணுக்குரியது

சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது. தென்னிந்தியாவில் காடுமேடெல்லாம் பரவி, 1920களில் கொண்டுவந்து விட்ட ஒரு மாவுப்பூச்சியால்தான் அடங்கியது. எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. நம் கொறங்காட்டின் கொழுக்கட்டைப் புல்லைத் தீவனத்துக்கென்று அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோனார்கள். அரிசோனாவில் அது பாலைவனத்துக்குள் பரவி, தீயே பழகாத இடத்தில் தீயைக் கொண்டுவந்து, ராட்சதக் கள்ளிகளை எரிக்கிறது. இங்கே மாட்டைக் காப்பாற்றும் அதே குணம், கடித்தாலும் எரிந்தாலும் திரும்பி வருவது, அங்கே அழிவாகிறது. ஒரு தகவமைப்பை நல்லது கெட்டது என்று சொல்ல இடமும் தெரிந்திருக்க வேண்டும்.

சீமைக்கருவேலம் இந்த வரிசையில் நம் பக்கத்துச் சிக்கல். பவானிசாகர், மாயாற்றுப் பக்கம் வெளிமான் மேய்ந்த புல்தரையை அது மூடிவருகிறது. அதன் நெற்று இனிப்பாக இருப்பதால் ஆடு, மாடு மட்டுமல்லாமல் காட்டு விலங்கும் தின்று விதையைப் பரப்பும். அதை மேலோடு வெட்டுவது வீண் வேலை. தூரிலிருந்து பல கிளையாகத் துளிர்த்து முன்னைவிட அடர்ந்து வரும். வேரோடு எடுத்த பிறகும் விதை மண்ணில் கிடக்கும். மழை பெய்து முளைத்ததும் கன்றாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிட வேண்டும், அடுத்தடுத்த மழைக்கும் போய்ப் பார்க்க வேண்டும்.