செயற்கைக்கோள் தரவிலிருந்து மீன் கூடும் இடத்தைக் கணிப்பது எப்படி?

செயற்கைக்கோளின் கண்ணுக்கு மீன் தெரியாது. கடலின் மேற்பரப்பு வெப்பநிலையையும், நீரின் நிறத்தை வைத்து அதிலுள்ள பச்சையத்தின் (நுண்பாசிகளில் உள்ள பச்சை நிறமியின்) அளவையும்தான் அது சொல்லும். மிச்சத்தை நாம்தான் கணிக்க வேண்டும்.

முதலில் மீனைத் தேர்ந்தெடுங்கள். சூரை, மத்தி, கானாங்கெளுத்தி போல மேல்நீரில் கூட்டமாகத் திரியும் மீன்களுக்கே இந்த வழி சரிப்படும். அடித்தரையை ஒட்டி வாழும் மீன்களுக்கு இதை நம்ப வேண்டாம்.

அடுத்து தரவு. நாசாவின் ஓஷன் கலர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கணக்கு தொடங்கினால் போதும். 2002-இல் ஏவப்பட்ட அக்வா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவி தந்த தரவில், படத்தின் ஒரு புள்ளி கடலில் 4 கிலோமீட்டர் அகலத்தைக் காட்டும் பச்சையக் கோப்பு ஒன்றையும் அதே தேதிகளுக்கான வெப்பநிலைக் கோப்பு ஒன்றையும் எடுங்கள். வெப்பநிலைக்கு இரவுப் பதிவே நல்லது; பகலில் வெயில் மேல்நீரைத் தனியாகச் சூடாக்கிவிடும். ஒரே நாள் படத்தில் மேகம் பெரும்பகுதியை மறைத்திருக்கும். அதனால் 8 நாள் தொகுப்பை எடுங்கள், விவரம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை.

இரண்டையும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, வெப்பநிலைக்கு 0.5 டிகிரி இடைவெளியில் சமக்கோடுகள் (ஒரே வெப்பநிலை உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) வரையுங்கள். கோடுகள் நெருக்கியடித்து நிற்கும் இடம்தான் நாம் தேடுவது. அங்கே சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கின்றன. நீர் ஒன்றுகூடும் இடத்தில் மிதவை உயிரிகள் சேரும், அவற்றைத் தேடிச் சிறுமீன் வரும், அப்புறம் பெரியது வரும்.

புதிதாகக் கற்பவர்கள் படத்தில் அதிகப் பச்சையாக உள்ள இடத்துக்கே ஓடுவார்கள். அது தவறு. சூரை கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்; கலங்கிய நீருக்குள் போகாமல், பச்சை நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் எல்லையின் தெளிந்த பக்கத்தில் நிற்கும். ஆற்று முகத்துவாரங்களிலோ சேறே பச்சையமாகப் பதிவாகிவிடுவதுண்டு. வட பசிபிக்கில் கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராம் பச்சையம் உள்ள கோட்டை ஆய்வாளர்கள் இந்த எல்லையாகக் கொள்கிறார்கள். அது பருவத்துக்கேற்ப வடக்கும் தெற்குமாக ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நகர்கிறது. அல்பகோர் சூரையோடு பெருந்தலைக் கடலாமைகளும் அதை ஒட்டியே பயணிக்கின்றன. ஆகவே ஆமைகள் வலையிலும் தூண்டிலிலும் சிக்காமல் தவிர்க்கவும் இதே படம் உதவும். அதையும் உங்கள் கணிப்பில் கட்டாயம் சேருங்கள்.

கடைசியாகச் சரிபார்ப்பு. பழைய மீன்பாட்டுப் பதிவுகளைத் தேதி, அட்சரேகை, தீர்க்கரேகையோடு படத்தின் மேல் வையுங்கள். வலை வெறுமையாக வந்த இடங்களும் அதில் இருக்க வேண்டும். மீன் கிடைத்த இடங்களை மட்டும் வைத்தால், படகுகள் வழக்கமாக எங்கே போகின்றன என்பதைத்தான் கணித்திருப்பீர்கள்.