காணாமல் போன தகரப் பெட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊருக்குப் பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, பாட்டியின் தகரப் பெட்டி மட்டும் வந்து சேரவில்லை. உள்ளே பித்தளைக் குத்துவிளக்கு, தாத்தாவின் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் கத்தி, 1948இல் மலாயாவில் அடையாள அட்டை அறிமுகமானபோது அவர் பெற்ற அட்டை, அவருடைய இறப்புச் சான்றிதழ், கல்யாணப் படங்கள். எந்தக் கடையிலும் வாங்க முடியாதவை.

லோரிக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. மிச்சச் சாமான்களை எங்கே இறக்கினார் என்று பொறுமையாகக் கேட்டேன். பழைய இரும்புக் கடை என்றார். பித்தளைக்கு நல்ல விலை உண்டு, நெடுநாள் தங்காது, உடனே ஓடினேன். பெட்டி பின்கட்டில் மழையில் கிடந்தது. எடைக்குரிய விலையைக் கொடுத்து மீட்டேன்.

படங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இங்கேதான் நிதானம் வேண்டும். இழுத்துப் பிரித்தால் முகமே உரிந்துவிடும். சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவைத்து, தானாக நழுவும்வரை காத்திருந்து, படப்பக்கம் மேலே இருக்க, நிழலில் துணிமேல் உலர்த்தினேன். வெயிலில் வைக்கவே கூடாது. பாட்டியின் முகம் தப்பியது. அன்று நான் அழுதேன்.

அட்டையும் சான்றிதழும் பெட்டியில் இல்லை. சான்றிதழின் நகலுக்குத் தேசியப் பதிவுத் துறையில் விண்ணப்பித்திருக்கிறேன். கெட்டுப்போன படங்களின் பிரதிகள் பினாங்கு அத்தையிடம் இருக்கின்றன. தீபாவளிக்குப் போகும்போது வாங்கி வருவேன்.