சிறு சப்ளையர்களுக்கு அரசு உதவி: சீர்திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு போர்க்கப்பல் கடலில் இறங்கும்போது, அதைக் கட்டிய பெரிய கப்பல் கட்டும் தளத்தின் பெயர்தான் செய்தியில் வரும். வால்வு, பம்ப், கேபிள், வார்ப்புப் பாகங்கள் என்று உள்ளே இருக்கும் பலவற்றைச் செய்து கொடுப்பவை சிறு, நடுத்தர நிறுவனங்கள். இவர்களைத் தாங்கிப் பிடிக்கப் பல அரசுகள் ஏதாவது ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. அது பலன் தரவில்லை என்று தெரிந்ததும் சீர்திருத்தம் தொடங்கும். பெரும்பாலும் முதலில் மாறுவது அலுவலகத்தின் பெயர். அடுத்து ஒரு புது இணையதளம் வரும், பழைய படிவத்தையே அதில் மறுபடி நிரப்பச் சொல்வார்கள். இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை.

பெரிய தவறு வேறு. மானியத்தைக் கொடுத்துவிட்டு ஆர்டரை மறந்துவிடுவது.

எந்திரம் வாங்க மானியம் என்றால், செலவில் ஒரு பங்கை நிறுவனமே போட வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக உண்டு. முதலாளி கடன் வாங்கிப் போடுகிறார். எந்திரம் வந்து இறங்குகிறது, ஆர்டர் வரவில்லை. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. உதவியே சுமையாகிவிடும் இந்த நிலைமை கோப்பில் தெரியாது. கோப்பில் 'மானியம் வழங்கப்பட்டது' என்றுதான் இருக்கும்.

ஆர்டருக்கு நடுவில் விழும் இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு பிரிட்டனில் நீர்மூழ்கிகள் கட்டும் பாரோ-இன்-ஃபர்னஸ் தளம் நல்ல உதாரணம். வான்கார்ட் வகை நீர்மூழ்கிகளின் வடிவமைப்பு வேலை முடிந்த பிறகு, அடுத்த வகையான அஸ்டியூட்டுக்கு 1997இல்தான் ஒப்பந்தம் ஆனது. அதற்குள் அனுபவசாலிகள் பலர் வெளியேறிவிட்டார்கள். வேலை சிக்கலில் மாட்டியபோது அமெரிக்காவில் நீர்மூழ்கி கட்டும் எலெக்ட்ரிக் போட் நிறுவனத்திலிருந்து ஆட்களை உதவிக்கு அழைக்க வேண்டிவந்தது. முதல் அஸ்டியூட் பல வருடத் தாமதத்துக்குப் பிறகு 2010இல்தான் கடற்படையில் சேர்ந்தது. பெரிய தளத்துக்கே இந்தக் கதி. அதற்குப் பாகம் செய்யும் பட்டறை அத்தனை காலம் தாங்காது. வேறு தொழிலுக்குப் போகும், இல்லையென்றால் மூடும்.

அப்புறம், அரசே மனம் மாறும் ஆபத்தும் இருக்கிறது. ஆஸ்திரேலியா 2016இல் 12 நீர்மூழ்கிகளுக்கு பிரெஞ்சு நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 2021இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்த முடிவு சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் இப்படிப்பட்ட ஆர்டரை நம்பித் தயாராகும் உள்ளூர் நிறுவனத்துக்கு, அது நடுவழியில் கைவிடப்பட்டால் என்ன ஈடு என்பதைத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். கனடா 2010இல் கொண்டுவந்த தேசியக் கப்பல் கட்டும் உத்தி, தேர்ந்தெடுத்த தளங்களுக்கு நீண்டகாலத் தொடர் வேலை என்ற வழியில் போனது. அங்கேயும் செலவு ஏறியது, தாமதமும் ஆனது. இருந்தாலும் அடுத்து என்ன கப்பல் வரும் என்பதாவது சப்ளையருக்குத் தெரிகிறது. என்னைக் கேட்டால், பத்து வருடத்துக்கான உத்தேச ஆர்டர் அட்டவணையை வெளியிடுவது எந்த மானியத்தையும் விட அதிகம் உதவும்.

அடுத்தது 'உள்ளூர்ப் பங்கு இத்தனை சதவீதம்' என்ற கணக்கு. இந்த எண்ணை எட்டுவது கஷ்டமே இல்லை. வெளிநாட்டுப் பாகத்தை உள்ளூர் வர்த்தக நிறுவனம் வழியாக வாங்கி, அது போட்ட பில்லை உள்ளூர்க் கொள்முதல் என்று காட்டினால் போதும். சதவீதம் ஏறும், திறமை வளராது. கனடா 2014இல் தன் ராணுவக் கொள்முதல் விதிகளை மாற்றி, டெண்டர் மதிப்பீட்டிலேயே உள்நாட்டில் என்ன வகை வேலை நடக்கும் என்பதற்கும் மதிப்பெண் வைத்தது. மொத்தத் தொகையை மட்டும் எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தகவல் பாதுகாப்பு விதிகளை அப்படியே கீழே சிறு சப்ளையர் மீது தள்ளிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அமெரிக்காவில் ரகசியப் பட்டியலில் இல்லாத, ஆனால் கட்டுப்பாட்டுக்குட்பட்ட ராணுவத் தகவலைக் கையாளும் நிறுவனங்களுக்கான சைபர் பாதுகாப்புத் தரத்தில் 110 தேவைகள் இருந்தன. தனி ஐடி ஆள்கூட இல்லாத பட்டறைக்கு அது மலைப்பாகத்தான் இருக்கும். அதற்காக விதியையே தூக்கிவிட முடியாது; எதிரி நுழைவது பலவீனமான வாசல் வழியாகத்தான். சாதாரண போல்ட் செய்பவருக்கும் சோனார் (ஒலியை வைத்து நீருக்கடியில் தேடும் கருவி) பாகம் செய்பவருக்கும் வேறு வேறு நிலை வைப்பதும், தணிக்கைச் செலவில் அரசு பங்கெடுப்பதும்தான் வழி.

அரசு கொடுக்கும் முன்பணம் சிறு சப்ளையர் வரை போகாமல் முதன்மை ஒப்பந்ததாரரிடமே தங்கிவிடுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. எத்தனை நாளில் கீழே கொடுக்க வேண்டும், தவறினால் என்ன வட்டி என்பதை மேல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கப்பல் தொழிலை ராணுவத்தின் வாலாக மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. கப்பலையும் அதன் பாகங்களையும் சோதித்துத் தரச் சான்று தரும் டிஎன்வி, லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் போன்ற வகைப்படுத்தல் சங்கங்களின் ஒப்புதல் கையில் இருந்தால், அதே பம்பை சரக்குக் கப்பலுக்கும் பயணிகள் படகுக்கும் விற்கலாம். கடற்படை ஆர்டர் வற்றும் காலத்தில் அதுதான் சோறு போடும். அதனால் ராணுவ வருமானம் இவ்வளவு இருந்தால்தான் உதவி என்ற விதி, தாக்குப்பிடிக்கக் கூடியவர்களையே வெளியே நிறுத்திவிடும். ஆனால் வணிகக் கப்பலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மானியம் கொடுப்பதும் சரியல்ல. அமெரிக்கா 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு விலைக்கும் உள்நாட்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தளங்களுக்குக் கொடுத்துவந்தது. வித்தியாசத்தை அரசே கட்டும்போது அதைக் குறைக்க யார் மெனக்கெடுவார்கள்? 1981இல் அந்தப் பணம் நின்றது. பெரிய வணிகக் கப்பல்களுக்கான புது ஆர்டர்கள் சில வருடங்களிலேயே ஏறக்குறைய காய்ந்துபோயின, தளங்கள் கடற்படையையே நம்பி நின்றன. முதலிலிருந்தே வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்படி அந்தத் தொகையை அமைத்திருக்க வேண்டும், அதுவும் தளங்களுக்கு முன்கூட்டியே தெரியும்படி.

கடைசியாக, எதை அளப்பது என்ற கேள்வி. எத்தனை கோடி வழங்கினோம், எத்தனை பயிற்சி முகாம் நடத்தினோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவது சுலபம். உதவி பெற்ற நிறுவனங்களில் எத்தனைக்கு அதே வாங்குபவரிடமிருந்து இரண்டாவது ஆர்டர் வந்தது, விண்ணப்பித்த நாளிலிருந்து தகுதிச் சான்று கிடைக்க எத்தனை மாதம் ஆனது என்ற இரண்டு கணக்கையும் புதுத் திட்டம் முதல் வருடத்திலிருந்தே வைக்க வேண்டும்.